பேஸ் கேட்காத ஆல்பம்

முத்துசெல்விக்கு அன்றைக்குக் காலையிலேயே அலுத்துவிட்டது. மாப்பிள்ளை என்று யாரோ வருவதும், அவர் முன்னால் இவள் போய் உட்காருவதும், ஒரு வாரம் கழித்து 'தோதுப்படாது' என்று சேதி வருவதும் எத்தனையாவது தடவை என்று அவள் எண்ணுவதை விட்டு வெகுநாளாயிற்று. வயது முப்பத்தேழு. முதல் கல்யாணம் இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களின் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடியே கண் பூத்துப்போகும். சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் காதில் இயர்போனைச் செருகினால்தான் அவளுக்கு உயிர் வரும்.

அவள் கேட்பது மெட்டல். கிட்டாரை ரம்பம்போல அறுத்து, டிரம்ஸை மூச்சுவிடாமல் அடித்து, அடித்தொண்டையில் உறுமுகிற திராஷ், டெத் மெட்டல் வகையறா. மதுரையில் லேப் படிப்புப் படித்தபோது விடுதி அறையில் கூட இருந்த ஷில்லாங்காரப் பெண் பழக்கிவிட்டது. பதினாறு வருஷமாகியும் விடவில்லை. "ஆட்டுக்கு வயித்துவலி வந்தாகூட இப்படிக் கத்தாதுட்டி" என்பான் அண்ணன் சங்கரபாண்டியன். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்தில் ஆடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருக்கிறவன். அவனோடும் மதினி பூங்கொடியோடும்தான் அவள் இருந்தாள்.

இந்த இடத்தைக் கொண்டுவந்தது மதினிதான். "குளத்தூர்க்காரரு. பேரு ஹரிகிருஷ்ணன். உப்பளத்துல தண்ணி எறைக்கிற மோட்டாருக்கு மெக்கானிக்கு. பொஞ்சாதி மஞ்சக்காமாலையில போயி மூணு வருசம் ஆச்சு, புள்ள கிடையாது. அவியளும் ஒன்ன மாதிரியே கத்துத பாட்டுதான் கேப்பாவளாம். இனி என்ன வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரி ஒன்றில் பார்ப்பதாக ஏற்பாடு. சங்கரபாண்டியன் அவரைக் கண்டு இரண்டு வார்த்தை பேசி, டீ சொல்லிவிட்டு, ஆட்டுக்கு உண்ணி மருந்து வாங்கப் போவதாக எழுந்துகொண்டான். ஹரிகிருஷ்ணன் கறுத்து மெலிந்த மனிதர். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறை. முகத்தில் தூக்கம் கெட்ட களைப்பு. அவரைப் பார்த்ததும் முத்துசெல்விக்கு, இவரும் நம்மைப்போல அலுத்துப்போய்த்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது.

"எதெல்லாம் கேப்பிய?" என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தாள். மெட்டல் என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப்பேர் ஊரறிந்த ஒரு மெதுவான பாட்டைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அது அவளுக்குத் தெரியும்.

"தூத்துக்குடி ஹார்பர்ல கொஞ்ச நாள் வேலை பாத்தேன். பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன், கப்பல்ல வந்தவன், கேசட் குடுத்துட்டுப் போனான். அமெரிக்கக் குழு, எண்பத்தாறுல வந்தது. மொத்த ஆல்பமே இருபத்தொம்பது நிமிசம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது ஆல்பம்!"

"எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலியா?"

"மொத பாட்டு சரி, கடைசிப் பாட்டு சரி. நடுவுல இருக்கத மாத்தி மாத்திப் போட்டா ஒங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். வந்தாங்க, சொல்லவேண்டியதச் சொன்னாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒரு வரி கூடுதல் கிடையாது. இப்ப போடுதவன்லாம் ஒரு மணி நேரம் இழுக்கான், பாதியில கொட்டாவி வருது."

அவருக்குப் பிடித்தது பிரேசில் குழு ஒன்றின் பிந்தைய ஆல்பம். அதில் கொட்டு இருக்கிறது, நம் ஊர்க் கோயில் கொடையில் அடிக்கிறமாதிரி கால் தானாக அசையும் என்றார். அதோடுதான் அந்தக் குழு கெட்டது என்றாள் இவள். ஆடவைக்கப் போனதும் கிட்டார் சோம்பேறியாகிவிட்டது. அதற்கு முந்தியதெல்லாம்தான் திராஷ்.

"சரி, அந்த நார்வே பிளாக் மெட்டல்காரனுவளப் பத்தி என்ன சொல்லுதிய?" என்றார். "தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சமாதிரி உஸ்ஸுனு ஒரு இரைச்சல். டிரம்ஸு எங்க இருக்கு, கிட்டாரு எங்க இருக்குனு தேடணும். மோட்டார் பேரிங் தேஞ்சா எனக்கு அதே சத்தம்தான் வருது. சம்பளமும் குடுக்காவ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "அந்த இரைச்சல்தான் குளிரு. சித்திரை வெயில்ல, எட்டயபுரம் ரோட்டுல, பஸ்ஸு ஜன்னலுக்கு வெளிய ஒரு பச்சை கிடையாது. அப்ப அதக் கேட்டுப் பாருங்க. கை சில்லுனு ஆயிரும்."

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. இருவரும் குடிக்கவில்லை. எதிர்மேசையில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த குடும்பம் இவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"நீங்க எல்லாத்தையும் எதுத்துப் பேசுதிய. இது ஒண்ணுலயாவது ஒத்துப்பிய" என்று ஆரம்பித்தார் அவர். "எண்பத்தெட்டுல இன்னொரு அமெரிக்கக் குழு போட்ட ஆல்பம். பாட்டெல்லாம் பெரிய பாட்டு, நான் இல்லனு சொல்லல. ஆனா அதுல கீழ்ச்சுதி வாசிக்குத பேஸ் கிட்டாரே கேக்காது. ஒரு ஆளு உக்காந்து வாசிச்சிருக்கான், காதுல விழல. அப்படி ஒரு மிக்ஸிங். வீணாக்கிட்டானுவ."

முத்துசெல்வி கொஞ்சம் யோசித்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் ஆள் இருந்ததில்லை.

"அவங்களோட பழைய பேஸ்காரர் அதுக்கு முந்தி பஸ் விபத்துல இறந்துபோனாரு. அதுக்குப் பெறகு வந்த மொத ஆல்பம் அது. அவங்க என்ன நெனச்சு அப்படிச் செஞ்சாங்களோ, எனக்குத் தெரியாது. எனக்குக் கேக்கையில, ஒரு ஆளு போன வீடு மாதிரி இருக்கும். எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாப்பாங்க. கூடக் கொஞ்சம் சத்தமாவே பாப்பாங்க. அடியில தாங்குன ஒண்ணு இருக்காது."

அவர் கிளாசைக் கையில் எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குப் பதைப்பாக இருந்தது. மனைவியை இழந்தவர் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் அப்படிக் கேட்டதில்ல" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க சித்தி சொல்லவேண்டாம்னாவ. எங்கம்மா படுத்த படுக்கை. வாதத்துல ஒரு பக்கம் விழுந்துட்டு. குளிப்பாட்ட, துடைக்க எல்லாம் நான்தான். வீட்ல எல்லாரும் ஒங்கமேல ஆசப்படுததே, ஆசுபத்திரி வேலை தெரிஞ்ச புள்ள, அம்மாவ நல்லாப் பாத்துக்கிடும்னுதான். மறைச்சுக் கட்டிக்கிட எனக்கு மனசில்ல."

முத்துசெல்விக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. இதற்கு முன் வந்தவர்களில் இரண்டு பேர் இதையேதான் சுற்றிவளைத்துக் கேட்டார்கள். நேராகச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதனாலேயே அவளும் நேராகச் சொன்னாள்.

"என்னால ஏலாது. நாள் பூரா நோக்காட்டுக்காரங்க கையப் புடிக்கேன். வீட்டுக்கு வந்து இன்னொரு கட்டில் பக்கத்துல நிக்க என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. தப்பா நெனைக்காதிய."

"இதுல தப்பு என்ன இருக்கு? எனக்கே மிச்சமில்ல" என்றார். அவர் முகத்தில் கோபமில்லை. தலைச்சுமையை ஒரு நிமிஷம் இறக்கிவைத்தவன் முகம்போல இருந்தது. பிறகு, அவர் போகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், சுவீடன் குழுக்களைப் பற்றியும் கொஞ்சம் சண்டை போட்டார்கள். அதிலும் ஒத்துப்போகவில்லை.

வண்டியில் திரும்பும்போது சங்கரபாண்டியன் கேட்டான். சொன்னாள். "இப்படியே ஒவ்வொண்ணாத் தட்டிக்கிட்டே இரி" என்றவன், வண்டியை முறுக்கினான். இருபுறமும் வெடித்துக் கிடந்த கரிசலில் வேலிக்கருவை தவிர ஒன்றுமில்லை. வழியில் ஃபோன் அதிர்ந்தது. ஹரிகிருஷ்ணன் அனுப்பியிருந்தார்: 'பஸ்ல அந்த எண்பத்தெட்டு ஆல்பத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க சொன்னது வெளங்குது. ஆனாலும் பேஸ் வச்சிருக்கணும்.' அவள் வெகுநேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு, 'வச்சிருக்கக் கூடாது' என்று மட்டும் பதில் போட்டாள்.

வீட்டில் சங்கரபாண்டியன் நேரே ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டான். பூங்கொடி சோறு போட்டபடி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ அவ்வளவு நேரம் என்னத்தப் பேசுனிய?"

"சண்டைதான்."

"சரியாப் போச்சு." குழம்பை ஊற்றினாள். "அந்த அம்மாவப் பாக்க முடியாதுன்னு நேராவே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மதினி. ஒனக்கு வருத்தமா?"

பூங்கொடி சட்டியை மூடி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஒங்கம்மா போறதுக்கு முந்தி நாலு வருசம் படுக்கையில கிடந்தாவ. பாக்க முடியுமா முடியாதானு என்னய ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா பாப்பேன்னுதான் சொல்லிருப்பேன். ஆனா கேக்கல."

அந்த நான்கு வருஷமும் முத்துசெல்வி வேலை முடிந்து வந்து, அம்மாவின் நாடியை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, காதில் இயர்போனோடு படுத்துவிடுவாள். களைப்பு நிஜம்தான். அடுத்த அறையில் மதினி அம்மாவைப் புரட்டிப் போடும்போது கட்டில் கிரீச்சிட்டிருக்க வேண்டும். இயர்போன் வழியாக அது இவளுக்குக் கேட்டதே இல்லை.

"நாளைக்கு எனக்கு மத்தியானம்தான் வேலை" என்றாள். "காலையில ஆட்டுக்குத் தண்ணி நான் காட்டுதேன். நீ படுத்துக்கோ மதினி."

"நீ காட்டுனா அதுக குடிக்காது" என்றாள் பூங்கொடி. பிறகு, "தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கும். அரிசி கழுவுன கழனித்தண்ணியக் கலந்து வையி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.