லடாக் சேறு

விஜய்ராஜின் லட்சியம் பகலில் வண்டி ஓட்டுவது. வேறு ஒன்றும் இல்லை. ஆண்டிபட்டி பக்கம் ஒரு நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன், ஒரு நாள் வேலையின் நடுவில் மிஷினைப் பார்த்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு அப்படியே வெளியே வந்துவிட்டான். பிறகு ஐச்சர் லாரி வாங்கி முட்டைக்கோஸ் ஏற்றினான். முட்டைக்கோசும் ராத்திரியில்தான் பயணம் போகும் என்பதை அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆகவே தேனி மாவட்டக் கூடலூரில் பைக் டிரான்ஸ்போர்ட் ஆரம்பித்தான். இமயமலையில் பைக் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இமயமலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகும் ஆசை இருப்பதில்லை. போடியிலிருந்து ஏலக்காய் மூட்டைகள் டெல்லிக்குப் போகின்றன. மூட்டைகளுக்கு முன்னால் பைக்கை நிறுத்திக் கயிறு போட்டுவிட்டால் அதுவும் போகும். இரண்டும் வெயிலில் வாடாது, பகலிலேயே ஓட்டலாம். ஆள் ரயிலில் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறி இறங்கி, திரும்ப ஏற்றிவிட்டால் முடிந்தது. லாரியின் நெற்றியில் 'தேனி – இமயம் பைக் சர்வீஸ்' என்று எழுதினான். அடியில் 'அவசரம் காய்கறி' இன்னமும் தெரிந்தது.

மனைவி யுவராணி நிபந்தனை போட்டிருந்தாள்.

"ஒரு வண்டியக் கொண்டுபோயிக் கொண்டாந்து காட்டுங்க. அடுத்த ஆர்டர் வந்தாப் பாப்போம். வரலையா, எங்க சித்தப்பா கோஸ் லோடுக்கு ஆளு தேடிக்கிட்டு இருக்காக."

முதல் வண்டி தேனியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் அமிர்தராஜுடையது. அவர் ஒரு பைக் குழுவின் தலைவர். குழு ஞாயிற்றுக்கிழமைதோறும் மேகமலை அடிவாரம் வரை போய்ப் பூரி தின்றுவிட்டுத் திரும்பும். டாக்டர் லடாக் போய் வந்து வண்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தால், மற்றவர்களும் வண்டி கொடுப்பதாகப் பேச்சு. "குழு மொத்தமும் நிக்கிறப்ப வண்டிய எறக்கணும்" என்று சொல்லி டெல்லியில் ஏற்றிவிட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

லாரி சனிக்கிழமை காலை கூடலூர் வந்தது. விஜய்ராஜ் படுத்து, மதியம் எழுந்து வாசலுக்கு வந்தான். பைக் கண்ணாடி மாதிரி நின்றது. டேங்கில் சந்தனம், குங்குமம். ஹேண்டில்பாரில் செவ்வந்தி மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் அவன் மச்சினனும் லாரியின் கிளீனருமான நல்லகண்ணு இடுப்பில் கைவைத்து நின்றான்.

"வாட்டர் சர்வீசுல விட்டு ரெண்டு தரம் அடிச்சேன் மச்சான். சேறா அது. கல்லு மாதிரி அப்பிக் கெடந்துச்சு. உளிய வச்சுத்தான் சொரண்டினேன். ஹேண்டில்பாருல கிழிஞ்ச துணித் தோரணம் ஒண்ணு தொங்குச்சு, அதையும் தூக்கி எறிஞ்சுட்டேன்."

"நல்லதுதான" என்றான் விஜய்ராஜ். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவை அழுக்கோடு திருப்பிக் கொடுக்கிற ஆள் கூடலூரில் கிடையாது. அவன் பெருமையாகப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினான்.

உடனே போன் வந்தது.

"விஜய்ராஜ், என் மண்ணு எங்கய்யா?"

"கழுவிட்டோம் சார். சும்மா பளபளன்னு—"

"அதக் காட்டத்தானய்யா குழுவையே வரச் சொன்னேன். நான் மலைக்கே போகல, டெல்லியில ரூம் போட்டுப் படுத்துக் கெடந்தேன்னு எங்க குழுவுல எபனேசர் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. போட்டோவக் காட்டுனா, கம்ப்யூட்டர்ல செஞ்சதுங்கிறாரு. அந்த மண்ணுதான் எனக்குச் சாட்சி. நாளைக்குக் காலைல அது வண்டியில இருக்கணும். இல்லைன்னா எனக்கும் மரியாத இல்ல, உங்களுக்கும் ஆர்டர் இல்ல."

போனை வைத்துவிட்டார். விஜய்ராஜின் கண்ணுக்கு முன்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள் வரிசையாக வந்து நின்றன.

விஷயத்தைக் கேட்ட யுவராணி பதறவில்லை. "லடாக்ல இருக்கிறதும் மண்ணுதான?" என்றாள். டெல்லியில் ஏற்றும்போது எடுத்த படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "சாம்பக் கலரு. நம்ம வயச் சேத்துல டீக்கடை அடுப்புச் சாம்பலக் கலந்தாச் சரியா வரும்."

நடவு நேரம். சேற்றுக்குப் பஞ்சமில்லை. நல்லகண்ணு மாலையைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு வாளி அள்ளி வந்தான். தானாகத் தெறித்த மாதிரி இருக்க வேண்டும் என்று, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அடியில் சேற்றைக் கொட்டி முறுக்கினார்கள். சேறு முழுக்க நல்லகண்ணு மேல் போயிற்று. வண்டியில் ஒரு பொட்டு இல்லை.

"இவனக் கொண்டுபோயி எறக்குங்க, லடாக் போயிட்டு வந்தவன் மாதிரித்தான் இருக்கான்" என்றாள் யுவராணி. பிறகு வாசலுக்குச் சாணி தெளிக்கிற கைவாக்கில் அவளே தெளித்தாள். வெயிலில் காய்ந்ததும் அசல் மாதிரியே இருந்தது. இன்ஜினுக்கு அடியில் அப்பிய ஒரு கட்டி மட்டும் காயவில்லை. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஞாயிறு காலை தேனியில் ஒரு ஓட்டல் வாசலில் குழு திரண்டிருந்தது. பைக்கைப் பலகை வழியாக இறக்கியதும் பேச்சு அடங்கிவிட்டது. ஒருவர் மட்கார்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் ஒரு சிட்டிகை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். டாக்டர் தொலைவில் எதையோ பார்க்கிற மாதிரி நின்றார்.

கூட்டுறவு வங்கி மேனேஜர் எபனேசர் மட்டும் குத்தவைத்து அடியில் பார்த்தார். அப்போது அந்த ஈரக் கட்டி கழன்று விழுந்தது. அதிலிருந்து ஒரு நண்டு எழுந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, அவருடைய ஷூவை நோக்கி நடந்தது.

"டாக்டர், இது நண்டுல்ல?"

"ஆமா."

"வய நண்டு."

பல் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற நிதானத்தில் டாக்டர் சொன்னார். "ஓடை நண்டு. அங்கன ஓடையில நெறையக் கெடக்கும்."

"அம்புட்டு உசரத்துலயா?"

"உசரத்துக்கும் நண்டுக்கும் என்னய்யா? அது நடந்துதான போகுது."

எபனேசர் விஜய்ராஜ் பக்கம் திரும்பினார். "டெல்லியில ஏத்துறப்ப இது இருந்துச்சாப்பா?"

"லோடப் பிரிச்சுப் பாக்குற பழக்கம் இல்ல சார். கயிறு போடுறதோட நம்ம வேல முடிஞ்சது."

அத்தோடு விட்டிருக்கலாம். நல்லகண்ணுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நாக்பூர் தாண்டி வெயில் சாஸ்தி சார். நாந்தான் அப்பப்பத் தண்ணி தெளிச்சேன். அதுவும் உசுருல்ல."

யாரும் சிரிக்கவில்லை. எபனேசர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி டாக்டர். அந்த ஓடைய நான் பாக்கணும். நீங்களே கூட வந்து காட்டணும். ஏம்ப்பா, அடுத்த டிரிப்புல என் வண்டிய ஏத்து."

"என்னோடதையும்" என்றார் கைக்குட்டைக்காரர். "எனக்கும் பாக்கணும்" என்றார் இன்னொருவர். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். டாக்டர் சொன்னதை நம்பி ஒருவரும் தூக்கவில்லை. லாரி நிறைந்துவிட்டது.

கேபினில் உட்கார்ந்திருந்த யுவராணி போனை எடுத்தாள். "சித்தப்பா, கோஸுக்கு வேற ஆளப் பாருங்க. இவுக பிசியாயிட்டாக."

குழு பூரிக்கு உள்ளே போனதும் டாக்டர் விஜய்ராஜை லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"நம்ம வய நண்டு டெல்லி வரைக்கும் தாங்குமா?"

விஜய்ராஜ் யோசித்தான். "ஈரச் சாக்குல கட்டுனாத் தாங்கும் சார். அங்க இருந்து ஓடை வரைக்கும் உங்க பொறுப்பு."

"ஒரு வாளி ஏத்திக்கங்க. எபனேசருக்குத் தெரியாம எங்கயாச்சும் விட்டுருவேன். ஒண்ணு மட்டும், பகல்ல ஓட்டாதீக. வெயில்ல செத்துப்போகும். ராத்திரியிலயே ஓட்டுங்க."

விஜய்ராஜ் அவர் முகத்தையே பார்த்தான். உள்ளேயிருந்து பூரி வேகும் வாசனை வந்தது.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். டாக்டர் பழக்கதோஷத்தில் குனிந்து, அவனுடைய கடைவாய்ப் பற்களைப் பார்த்துக்கொண்டார்.