மேலேயிருந்து வைக்கிற நெருப்பு

நல்லமுத்துவுக்குத் தெரியாதது என்று இந்த உலகத்தில் ஒன்றுமே கிடையாது. அதை அவனே சொல்லுவான். முசிறிப் பக்கம் கரும்புக் கொல்லையில் தோகை கொளுத்திப் பழகிய கை அவனுடையது. பதினெட்டு வயதில் கப்பலேறி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது அந்தப் பெருமையை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்துவிட்டான். அவன் பெண்டாட்டி மீனம்மாவோ இந்தப் பூண்டுலோயா மலையில், கூலிகளின் வரிசை வீடான லயத்துக் காம்பராவிலேயே பிறந்தவள். சமதரையைக் கண்ணால் பார்க்காதவள் என்று அவளை அவன் கேலி பண்ணாத நாளில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் தேயிலை விலை விழுந்து, வேலை வாரத்துக்கு நாலு நாளாகச் சுருங்கிவிட்டது. வயிறு சுருங்குமா? ஆளுக்கொரு துண்டு நிலத்தில் போஞ்சி, அவரை என்று காய்கறி போட்டுக்கொள்ளட்டும் என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். மீனம்மாவுக்குக் கிடைத்தது லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவு. மேலே தேயிலை, கீழே ஓடை, நடுவில் இடுப்பளவு உண்ணிச்செடியும் மானாப்புல்லும். அதைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள், சந்தோஷத்தில்தான். பிறந்ததிலிருந்து அவள் கை பட்டதெல்லாம் துரையின் கொழுந்து. தனக்கென்று ஒரு விதை ஊன்ற மண் கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

தோட்டத்து வேலையைக் கண்காணிக்கிற கணக்கப்பிள்ளை சிதம்பரநாதன் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடித்த கையோடு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்று சொல்லிவைத்தார்.

"வெட்டினதக் கொளுத்திக்கங்க. ஆனா தேயிலையில ஒரு செடி கருகினாலும் துண்டு போச்சு. அப்புறம் எங்கிட்ட வந்து தலையச் சொறியக்கூடாது."

சொன்னால் செய்கிற மனுஷன்.

மாசி வெயிலில் புருஷனும் பெண்டாட்டியும் வெட்டிச் சாய்த்தார்கள். இரண்டு வாரம் காயவிட்டு, சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நடுவே ஆள் நடக்க இடம் விட்டு, மூன்று சின்னக் குவியலாகக் குவித்தாள் மீனம்மா. தேயிலை ஓரமாக ஆறடி அகலத்துக்குப் புல்லை வேரோடு செதுக்கி வெறும் மண்ணாக்கினாள். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, துரை கார் போக ரோடு போடுறியா?"

"நெருப்பு போகாம இருக்கப் போடுறேன்க்கா."

ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே இருவரும் இறங்கிவிட்டார்கள். காற்று இல்லை, புல்லில் பனி ஈரம் இருந்தது.

"ஏங்க, மேல் குவியல மொதல்ல வைக்கணும். அது எரிஞ்சு அடங்கின பொறகு அடுத்தது. வெயில் ஏறுனா காத்தும் மலையேறிடும்" என்றாள் மீனம்மா.

"நெருப்பு வைக்க எனக்கே சொல்லித் தர்றியா?"

"உங்க ஊரு நெருப்பு தரையில நடக்கும். இங்க அது படியேறுங்க."

அவன் சிரித்தான். அவள் சாக்குகளை நனைத்து வைத்துவிட்டு, இன்னும் இரண்டு தகரம் தண்ணீர் மொள்ள ஓடைக்கு இறங்கினாள். முந்திரிக்கொட்டை மாதிரி இவன் முந்திக்கொண்டான். நின்ற இடம் கீழ்க் குவியல் பக்கம், குச்சி கையில் இருக்கிறது, வெயிலும் எட்டிப் பார்த்துவிட்டது, அப்புறம் என்ன? கீழேயே வைத்துவிட்டான்.

அவள் திரும்பி வருவதற்குள் நெருப்பு சடசடவென்று எழுந்து, மேல்பக்கமாகச் சாய்ந்து, இரண்டாவது குவியலைப் பிடித்திருந்தது. நல்லமுத்து அதைச் சாக்கால் அடித்துக்கொண்டிருந்தான். அடிக்க அடிக்கப் பொறி பறந்தது. மீனம்மா தகரங்களைக் கீழே வைத்தாள்.

"அதை விடுங்க, எரியட்டும். மூணாவதப் பக்கவாட்டுல இழுங்க."

இருவரும் முள் கிழிக்கக் கிழிக்க மூன்றாவது குவியலை இழுத்துப் பிரித்து ஓரமாகத் தள்ளினார்கள். பேச்சியம்மா ஓடிவந்து வெறும் மண்ணில் விழுந்த பொறிகளை ஈரச் சாக்கால் அமுக்கினாள். நெருப்பு செதுக்கிய மண் வரை வந்தது, தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே குந்திவிட்டது.

ஆனால் ஓரத்துத் தேயிலைச் செடி ஒன்றில், அனல் பட்டு ஒரு பிடி இலை சுருண்டு கருகிப் போயிருந்தது.

புகையைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை மேல் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தார். நல்லமுத்துவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"கிள்ளிப் போட்டுரு புள்ள. நீ கொழுந்து கிள்ளுறவதானே, ஒரு நிமிசம் ஆகாது" என்று கிசுகிசுத்தான்.

அவள் கை செடிக்குப் போனது. போன கை நின்றது. அடுத்த ஞாயிறு லயம் முழுக்கக் கொளுத்தப் போகிறது. அதில் பாதிப் பேர் இவனைப் போலச் சமதரையில் படித்த மேதாவிகள். இதை மறைத்தால் இந்த மலையில் என்ன மிஞ்சும்? துண்டு போனால் போகட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"ஐயா, ஒரு செடி கருகிருச்சு. கீழேயிருந்து வச்சுட்டோம். மலையில மேலேயிருந்து வைக்கணும். மத்தவங்களுக்கும் சொல்லிருங்க."

"வச்சது நானுங்க" என்றான் நல்லமுத்து. "அவ சொன்னா. நாந்தான் கேக்கல."

பத்து வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. மீனம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கணக்கப்பிள்ளை செதுக்கிய மண்ணில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார்.

"இதச் செதுக்கினது யாரு?"

"நாந்தாங்க."

அவர் குனிந்தார். கருகிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு எல்லாச் செடியும் பச்சையாத்தான் தெரியுது" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத் துண்டுக்கும் நீ வந்து நிக்கணும் மீனம்மா. நீ சொன்ன எடத்துலதான் குச்சி ஒரசணும். அந்த மிச்சக் குவியல என்ன பண்ணப்போற?"

"இன்னைக்கு வேணாங்க. காத்து ஏறிருச்சு. நாளைக்கு விடிய, பெரட்டுக்கு முன்னால."

நல்லமுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு, தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு சாம்பலை நனைக்கப் போனான்.

கணக்கப்பிள்ளை பாதையேறும்போது திரும்பினார்.

"அது சரி, உன் நெலத்துல என்ன போடப்போற?"

உன் நிலம். அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"போஞ்சிங்க ஐயா" என்றாள்.