பதினெட்டும் பன்னிரண்டும்

அடுகோடிப் பேட்டையில் மாவு மில்லுக்கு மேலே இருந்த கூடத்தில் அல்போன்சா சர்க்யூட் போர்டில் கண்டென்சர் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே மில் ஓடினால் மேசை நடுங்கும். அது ஓயும் நேரம் பார்த்துத்தான் சால்டர் முனையை இறக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் கார்டில் அச்சடிக்கும் மிஷின்கள் அங்கே தயாராயின. ஒவ்வொரு போர்டிலும் அரிசி மணி போல ஒரு வெள்ளிக் கிரிஸ்டல்; அதன் ஆட்டத்தை எண்ணித்தான் மிஷின் நேரம் காட்டும். அதன் இரண்டு கால்களுக்கும் ஆளுக்கொரு கண்டென்சர்.

முன்பெல்லாம் அந்தக் கண்டென்சரில் பதினெட்டு என்று எண் இருக்கும். போன வருஷம் புது இன்ஜினியர் சுனில் வந்த பிறகு பன்னிரண்டு. ஏன் என்று அல்போன்சா கேட்டபோது அவன் கிரிஸ்டலோடு வந்த தாளை விரித்துக் காட்டினான். அதில் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. அவள் மிச்சமிருந்த பதினெட்டை டப்பாவின் அடியில் போட்டாள்.

ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் காலர் தைக்கும் அவள் தங்கை லவினாவுக்கு அந்த மாதத்தில் இரண்டு லேட் விழுந்துவிட்டது. மூன்றாவது விழுந்தால் வேலையிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள்.

"எட்டு அம்பத்தஞ்சுக்கெல்லாம் கேட்டாண்ட நிக்கிறேன்க்கா. கார்டைப் போட்டா ஒம்பது அஞ்சுன்னு அடிக்குது. கேட்டா, மிஷின் பொய் சொல்லாதுன்றான் அந்த மேனேஜர்."

"எப்ப மாட்டுன மிஷின்?"

"ஆறு மாசம் ஆச்சு. உங்க கம்பெனிதுதான். நீ பத்த வெச்சதாத்தான் இருக்கும்."

அல்போன்சா ராத்திரிச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

மறுநாள் டப்பாவின் அடியில் கிடந்த பழைய பதினெட்டில் இரண்டை எடுத்து ஒரு போர்டில் வைத்தாள். இன்னொன்றில் பன்னிரண்டு. ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்துக்கு இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டாள். நான்கு நாள் கழித்து அதே பீப்புக்குப் பார்த்தபோது பதினெட்டு சரியாக இருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று செகண்ட் முன்னால் போயிருந்தது.

சுனிலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் நின்றபடியே தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டான். காது மடல் சிவந்துவிட்டது.

"என் தப்புதான்க்கா. கிரிஸ்டலுக்கு மொத்தமா பன்னெண்டு சுமை வேணும்னு போட்டிருக்கான். நான் ஆளுக்குப் பன்னெண்டுன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டும் தொடரா நிக்கறப்போ பாதிதான் தேறும், ஆறு. போர்டே ஒரு மூணு குடுக்கும். ஒம்பதுதான் ஆச்சு. சுமை கொறைஞ்சா வேகமா ஆடும்."

"பதினெட்டுன்னா?"

"பாதி ஒம்பது, போர்டு மூணு. பன்னெண்டு."

"பழைய ஆளு கணக்கு தெரிஞ்சுதான் வெச்சிருக்காரு, பாருங்க."

"திட்டணும்னா நேராவே திட்டிடுங்கக்கா," என்றான் சுனில். பதினெட்டு வைத்த போர்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான்.

கார்மென்ட்ஸ் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விட்டபோது மிஷின் ஐந்து இருபது காட்டியது. சுனிலின் கைக்கடிகாரத்தில் ஐந்து பத்து. மேனேஜர் நாகேஷ் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், சுனிலை மட்டும். அல்போன்சா சுவரோரம் நின்றாள். சுனில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். போர்டை மாற்ற அரை மணி போதும் என்றான்.

"மாத்த வேணாம்," என்றார் நாகேஷ். "மிஷின் ஜோரா ஓடுது. நான் கம்ப்ளைன்ட் குடுத்தேனா?"

"பத்து நிமிஷம் முன்னால ஓடுது சார். போர்டுகூட வேணாம், டைமையாவது திருப்பி வெச்சிடறேன்."

"சுல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுப்பா. இன்னைக்கு நீ திருப்பி வெச்சா, ஆறு மாசமா தப்புன்னு ஆகும். எண்ணூறு பொம்பளைங்க கார்டைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. யார் பதில் சொல்றது, நீயா?"

அல்போன்சா முன்னால் வந்தாள். "சார், என் தங்கச்சி லவினா, காலர் லைன்ல இருக்கா. ரெண்டு லேட்டு. அதை மட்டுமாச்சும்..."

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ரெண்டு இல்லம்மா, மூணு. காலைல ஒண்ணு ஆய்த்து. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லியாச்சு."

"மிஷின் தப்புன்னு செஞ்சவங்களே வந்து சொல்றோமே சார்."

"நீ யாரு?"

"நான்தான் பத்த வெச்சேன்."

"அப்ப உன் தங்கச்சி வேலையை நீதானேம்மா எடுத்திருக்கே," என்று சொல்லிச் சிரித்தார். சுனில் பக்கம் சர்வீஸ் தாளைத் தள்ளினார். 'மிஷின் நல்ல நிலையில் உள்ளது' என்று முன்பே எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடு. ஓசூர் யூனிட்டுக்கு இன்னும் நாலு மிஷின் வேணும். ஓனர்கிட்ட சொல்லு, இதே மாதிரி இருக்கணும்."

சுனில் பேனாவைப் பிடித்தபடி அல்போன்சாவைப் பார்த்தான். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தபோது மிஷினில் ஐந்து முப்பது விழுந்தது. வாட்ச்மேன் வேலை முடியும் மணி அடிக்க, சுவரில் தொங்கிய தண்டவாளத் துண்டின் பக்கம் போய்ச் சுத்தியலை ஓங்கினான்.

"ஏய்," என்றார் நாகேஷ், வாசலில் நின்று தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து. "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

வாட்ச்மேன் கையை இறக்கினான். உள்ளே கம்பி வலைக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில், லவினா அடுத்த காலரை ஊசிக்கடியில் நகர்த்தினாள்.