இடது தோள்

கொழும்பு வெயிலுக்குப் போட்டுக்கொள்ளப் பருத்தி நூலில் ஒரு மேற்சட்டை பின்னித் தரும்படி அக்கா சுலக்ஷனா கேட்டதும், ஷாமிலா தானே தாளில் வரைந்து பார்த்து ஆரம்பித்தாள். கை இல்லாத சட்டை. காற்றுப் போக உடம்பெல்லாம் விசிறி விசிறியாகத் துளைகள்.

ஷாமிலா இருக்கும் மலைநாட்டு வட்டவளையில் மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை. அந்தக் குளிருக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னிப் பழகிய கை, துளை விடச் சொன்னால் கேட்குமா? முதல் சட்டை இறுகிப் போய் சாக்கு மாதிரி வந்து நின்றது. "சனியன் புடிச்ச கை!" என்று திட்டிக்கொண்டே முழுவதையும் பிரித்தாள். பெரிய குரோஷே ஊசி வாங்கி, நூலைத் தளரவிட்டு, மறுபடியும் பின்னி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைப் போட்டுக்கொண்டு வீடியோ கோல் எடுத்தாள்.

"ரொம்ப அழகா இருக்குடி. ஆனா எடது தோள்ல மட்டும் ஏன் ஒரு ஓட்டையும் இல்ல? மறந்துட்டியா?"

ஷாமிலா உற்றுப் பார்த்தாள். நிஜந்தான். அவளுக்கே தெரியாமல் கை அந்த இடத்தை அடைத்துவிட்டிருந்தது.

சின்ன வயதில், தோட்டத்து லய வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போக இரண்டு பேருக்கும் ஒரே குடை. தேயிலை மலை முழுக்க மழை அடிக்கும். அக்கா குடையைத் தங்கச்சி பக்கமே சாய்த்துப் பிடித்து வருவாள்.

"மறக்கல அக்கா," என்றாள் ஷாமிலா. "நீ எப்பவும் அந்தப் பக்கந்தானே நனஞ்சுக்கிட்டு வருவ."