இன்ஸாஃப் மோந்த மீன்

நபரோ ஊரில் முத்வல்லியின் கடைக்கு ஃபஸீக் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள்: இன்ஸாஃப் மோந்தாளா? வாரக்கணக்கில் பீப்பாயில் உப்புப் போட்டு ஊறிய மீன் அது. நல்லதென்றால் விருந்து, கெட்டதென்றால் விஷம். செவுளைத் தூக்கி ஒரு தடவை மூக்கை வைத்தால் அவள் சொல்லிவிடுவாள். முத்வல்லியின் மூக்கு சிகரெட்டில் செத்துப் பத்து வருஷமாகிறது. கடை ஓடுவதே மகளின் மூக்கால்தான்.

அந்த மூக்கைச் சுற்றித்தான் பருக்கள். சீழ் கட்டி, சிவந்து வீங்குகிற ரகம். ஷாதி என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமான அன்று அவனுடைய அத்தைக்காரி, பெண்ணையும் பீப்பாயில் ஊறப் போட்டிருந்தார்களா என்று கேட்டுக் கூடத்தையே சிரிக்க வைத்தாள். மறுவாரமே இன்ஸாஃப் பக்கத்து நகரமான மன்சூராவுக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தாள். உதடு வெடிக்கும், மூக்கு காய்ந்து ரத்தம் எட்டிப் பார்க்கும், வேறு ஏதாவது என்றால் உடனே வா என்று சொல்லித்தான் அவர் மாத்திரை கொடுத்தார்.

மூன்று மாதத்தில் முகம் தெளிந்தது. ஒருநாள் வெங்காயத்தாள் நறுக்கும்போது கண்ணில் நீர் வந்தது, வாசனை வரவில்லை. மாத்திரையாக இருக்கும் என்று தோன்றியும் சளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊரே ஃபஸீக் சாப்பிடும் பண்டிகைக்கு இரண்டு வாரம், கல்யாணத்துக்கு ஒரு மாதம். மாத்திரையை நிறுத்தினால் பரு திரும்பிவிடும். பாபாவிடம் சொன்னால் சீசன் நேரத்தில் கடையைப் பூட்ட வேண்டும். கண்ணாலும் விரலாலும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். பாழாய்ப்போன நினைப்பு.

ஷம் எல் நெஸிம். தென்றலை முகர்வது என்றுதான் அந்தப் பண்டிகைக்கே பெயர். முந்தின நாள் காலையில் கடைசிப் பீப்பாயைத் திறந்தார்கள். ஒவ்வொரு செவுளாகத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமே வரவில்லை. மீன் கெட்டியாகத்தான் இருந்தது, பளபளப்பாகவும் இருந்தது.

"மோந்து பாத்தியாம்மா?" என்றார் முத்வல்லி.

"பாத்தேன் பாபா. நல்லாருக்கு."

இருப்பதில் பெரிதாக நாலு மீனை அவளே காகிதத்தில் சுற்றி ஷாதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

பண்டிகைக்கு மறுநாள் காலை, போனில் முகம் பார்த்துப் பேச ஷாதி கூப்பிட்டான். பாதிக் கண்ணை மூடியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எனக்கு ரெண்டா தெரியுற. ரெண்டு பேருமே அழகாத்தான் இருக்கீங்க, எவளக் கட்டிக்கிறதுன்னுதான் தெரியல."

இன்ஸாஃப் சிரித்தாள். அவளுடைய முகத்தை அழகென்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பிறகு போனைக் கிட்டத்தில் இழுத்து, தொங்கிக்கிடந்த அவனுடைய இமைகளைப் பார்த்தாள். ஃபஸீக் சாப்பிட்டவனுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று நபரோவில் குழந்தைக்கும் தெரியும்.

"தொண்டை அடைக்குதா?"

"ஆமா, எச்சிகூட முழுங்க முடியல. அத்தைக்கும் அப்படித்தான் இருக்காம். உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே. எனக்கு வாசனையே தெரியல ஷாதி. ரெண்டு வாரமா தெரியல. சும்மா மோந்த மாதிரி பண்ணேன்."

அவன் ஏதோ சொன்னான். நாக்கு குழறியதில் புரியவில்லை.

அவள் வீட்டுக்கு முன்னாலிருந்த கடைக்கு ஓடினாள். முத்வல்லி ஒருத்திக்கு மீனை நிறுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும்.

"என் மக மோந்து பாக்காத மீன் இந்தக் கடையில கிடையாதும்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

அதுதான் கடைசி மீன். பீப்பாயில் அடி தெரிந்தது.