எறும்பை மடக்கிய மூத்த மருமகள்

எங்கள் பாலிபடாவில் யார் கதை சொல்லி முடித்தாலும் ஊரில் ஒரு பூச்செடி செத்துப்போகும். ஒடியாக்காரர்கள் நாங்கள் கதையை அப்படித்தான் முடிப்போம்: கதை தீர்ந்தது, பூச்செடி செத்தது என்று. மற்ற ஊர்களில் அது வெறும் வாய்வார்த்தை. எங்கள் ஊரில் செடி நிஜமாகவே காய்ந்தது. செம்பருத்தி போனால் அரளி இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

கதையின் கடைசியில், ஏன் சாகிறாய் என்று செடியை விசாரிப்பதும் வழக்கம். செடி, கறுப்பு மாடு தின்றது என்னும். மாடு, இடையன் மேய்க்கவில்லை என்னும். இடையன், மூத்த மருமகள் சோறு போடவில்லை என்பான். அவள், பிள்ளை அழுதது என்பாள். பிள்ளை, எறும்பு கடித்தது என்னும். எறும்போ, சதை மெத்தென்று இருந்தது, கடித்தேன் என்று திமிராகச் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்தப் பதிலோடுதான் கதை முழுசாகத் தீரும், செடியும் முழுசாகக் காயும்.

நாயக் வீட்டு மூத்த மருமகள் சுகாந்தி. அவள் கொழுந்தன் பிரமர்தான் ஊருக்கே கதைக்காரன். மூத்த மருமகள் சோறு போடாத இடம் வந்தால் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்துவான், ஊரே சிரிக்கும். அவள் போட்ட பழைய சோற்றை மூன்று தட்டு தின்றுவிட்டுத்தான் இந்தக் கூத்து. சுகாந்தியும் சிரித்துவைத்தாள், ஊரில் அவள் கொல்லை நந்தியாவட்டை ஒன்றுதான் மிச்சம் என்று ஆகும்வரை. கல்யாணத்தன்று அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த கன்று அது. அம்மா இப்போது இல்லை.

அந்த ஒரு செடிதான் மிச்சம் என்று ஆன அன்று அவள் பிரமருக்குச் சோறே போடவில்லை. சாயங்காலம் அவன் கதையை முடித்து, விசாரணை எறும்புவரை வந்தபோது, நந்தியாவட்டை இலை சுருண்டுகொண்டிருந்தது. சுகாந்தி கரண்டியோடு வந்து தரையில் குனிந்தாள்.

"மெத்துன்னு இருந்துச்சுன்னு கதை விடாதே. ஏன் கடிச்சே?"

எறும்பு வெளியே வந்து உண்மையைச் சொன்னது: கதை முடிந்ததும் எல்லாரும் திமுதிமுவென்று எழுந்து அதன் வீட்டை மிதித்தார்களாம்.

சுகாந்தி பிரமர் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் தம்பி கதையை முடிச்சே?"

"பசிச்சுது அண்ணி. நீங்கதான் சோறு போடலையே."

"ஆமா, போடலை. பிள்ளை அழுதுச்சு."

பிள்ளையைக் கேட்டால் எறும்பு, எறும்பைக் கேட்டால் பிரமர், பிரமரைக் கேட்டால் மறுபடி சுகாந்தி. விசாரணை சுற்றிச் சுற்றி வந்தது. கதை முடியவில்லை, இலை விரிந்தது.

இன்னும் முடியவில்லை. அவள் பிரமருக்குச் சோறு போட்டால் சுற்று அறுந்து கதை முடிந்துவிடும், அதனால் போடுவதில்லை. நந்தியாவட்டை இப்போது கூரைக்கு மேலே வளர்ந்து நிற்கிறது. காலையில் அவள் பூப் பறிக்கும்போது, பிரமர் தானே பொங்கித் தீய்த்த பானையைத் தேய்த்தபடி, மூத்த மருமகள் சோறு போடாத இடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பான். இப்போதெல்லாம் குரலை உயர்த்துவதில்லை.