குண்டூசிக்குச் சொறி

வாங்கி வந்தபோது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது என்பதால் அந்தப் பன்றிக்குட்டிக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தாள் பாப்பா. இப்போது குண்டூசி வாசல் நிலையில் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டுதான் உள்ளே வரும். பாப்பாவுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பாதான். கல்யாணம் முறிந்து அவள் திரும்பி வந்த அன்று, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டவன் அவன். சலூனில் முடி வெட்டுகிறான். அவள் வீட்டிலேயே துணி தைக்கிறாள்.

குளிர் தொடங்கிய சமயம், குண்டூசி பீரோ முனையில் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தது. தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது.

"பொடுகு. எத்தனை தலையைப் பார்த்திருக்கேன்! ஷாம்பு போட்டா ஓடிடும்" என்றான் அண்ணன்.

"இது உடம்பு பூரால்ல இருக்கு. அவ்வளவும் தலையா அண்ணே?"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. கடையிலிருந்து ஷாம்பு வந்தது. தினமும் தேய்த்துக் குளிப்பாட்டியதில் தோல் இன்னும் வறண்டதுதான் மிச்சம். எண்ணெய் தடவினால் கொஞ்ச நேரம் அரிப்பு அடங்கும், அப்புறம் மறுபடியும் பீரோ ஆடும். பிறகு குண்டூசி தலையை ஓயாமல் உதற ஆரம்பித்தது. காதைத் திருப்பிப் பார்த்தாள் பாப்பா. உள்ளே மடிப்பெல்லாம் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. முன்னங்கால் இடுக்கில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

கால்நடை டாக்டரம்மா காதுக்குள் லேசாகச் சுரண்டி, அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள்.

"சொறிம்மா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைக் குடைஞ்சுக்கிட்டு உள்ள இருக்கு. ஊசி போடறேன், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. படுக்கிற துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போடுங்க. பொருக்கை எண்ணெய்ல ஊறவெச்சு எடுங்க, பிய்க்காதீங்க. வீட்ல யாருக்காவது அரிக்குதா?"

பாப்பா தன் இடுப்பில் அரிக்கிற தடிப்பை நினைத்துக்கொண்டாள். புடவைக்குள் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அண்ணனுக்கோ மணிக்கட்டில் வந்திருந்தது. வேலை முடிந்து வந்ததும் குண்டூசியின் தலையை மடியில் போட்டுத் தடவிக்கொடுக்கிற கை அது.

மறுநாள் அண்ணன் வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டான். கடையில் இன்றைக்குக் கூட்டமில்லை என்றான். அடுத்த நாள் கிளம்பவே இல்லை. ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த எதிர்வீட்டுக்காரி வாயைப் பிடுங்காமலே எல்லாவற்றையும் கொட்டினாள்: சவரம் பண்ணும்போது அவன் மணிக்கட்டைச் சொறிந்ததை யாரோ கண்ணாடியில் பார்த்துவிட்டார்களாம். பாதி முகம் நுரையோடு எழுந்து போய்விட்டார்களாம்.

அண்ணனும் பாப்பாவும் சேர்ந்து வெந்நீர் வைத்தார்கள், துணி அலசினார்கள், குண்டூசியைச் சாய்த்துப் படுக்கவைத்து எண்ணெய் போட்டார்கள். அது சுகத்தில் கண் சொருகி முனகும். பொருக்கு ஊறி ஊறி விழுந்தது. அடியில் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மெல்ல முடியும் முளைத்தது. அண்ணன் கையும் ஆறியது.

தலைவாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். அவன் நாற்காலிக்குப் பின்னால் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. மற்றக் கடைகளுக்கும் அவனுக்கு முன்னாலேயே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது.

"என்னைத் தெரியாத ஊருக்குப் போறேன் பாப்பா" என்றான் ஒருநாள், கத்தரிக்கோலைத் துணியில் சுற்றியபடி.

"இதைக் குடுத்துடட்டுமா அண்ணே?"

"யாருகிட்ட? கேக்கறவன் எல்லாம் கறிக்குத்தான் கேப்பான். உனக்கு வேற யாரு இருக்கா? வெச்சுக்க."

போன இடத்தில் வேலை கிடைத்தது. தங்குவது கடைக்குள்ளேயே என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான், முதலில் குண்டூசியைத்தான் விசாரிப்பான். அவள் போனை அதன் மூக்கருகே பிடிப்பாள்.

வசந்தம் வந்தபோது அண்ணன் உற்சாகமாகக் கூப்பிட்டான். "ரெண்டு நாள் லீவு குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வரேன்."

அப்போது குண்டூசி அவள் காலடியில் படுத்திருந்தது. காலையிலிருந்து ஒரு பக்கமாகவே தலையை உதறிக்கொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள் பாப்பா. அதன் காது மடிப்பின் ஆழத்தில், அரிசி மணி அளவுக்குச் சாம்பல் பொருக்கு. பழைய சொறி காதுக்குள் ஒளிந்திருந்து திரும்ப வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

சொன்னால் அவன் இன்றைக்கே புறப்பட்டு வந்துவிடுவான். வந்து இந்தத் தலையைத்தான் முதலில் மடியில் போட்டுக்கொள்வான்.

"வேண்டாம்ணே. வராதே" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான். தையல் நிறைய இருக்கு. நீ வந்தா இடைஞ்சல்."

மறுமுனையில் யாரோ தண்ணீர் பிடிக்கிற ஓசை கேட்டது.

"சரி பாப்பா" என்றான். குண்டூசியைப் பற்றி எதுவும் கேட்காமலே போனை வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பாப்பா எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். குண்டூசி தானாகவே சாய்ந்து காதைக் காட்டியது.